ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

போன அக்டோபர். டிசம்பரில் கீழே சமவெளியில் நடக்கிற ஓர் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டியிருந்தேன். வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் மூன்றே வாரத்தில் 45-க்குப் போனேன். அது போதாதென்று, எடை குறைக்கிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டிருந்தேன். இடது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்பின் உள்பக்கம் ஒரு வலி. முதலில் ஓடி முடித்த பிறகு வரும். அப்புறம் ஓடும்போதே வந்தது. அப்புறம் கடையில் நிற்கும்போதும். சாக்லேட் கடை வைத்திருக்கிறேன், நாளெல்லாம் நின்றபடிதான் பிழைப்பு. கடைசியில் படுத்திருக்கும்போதும் வலித்தது.

இங்கே கொடைக்கானலிலேயே ஒரு கிளினிக்கில் காட்டினேன். "எலும்பு கல்லு மாதிரி இருக்கும்மா, தசைப்பிடிப்புதான்" என்று வலி மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடினேன். வலி தெரியவில்லை, தெரியாமல் இருக்கத்தானே மாத்திரை. நடுவில் எங்கள் அத்தை விளக்கெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார். உயிர் போய்த் திரும்பி வந்தது.

எனக்கு வந்திருந்தது எலும்பில் விழுகிற மெல்லிய விரிசல். அது முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகையால் உங்களுக்கு வந்தால் விரல் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் படுத்துகிற பாடாக இருக்கலாம். ஒற்றை விரலால் "இதோ இங்கே" என்று காட்ட முடிகிற மாதிரி ஒரே புள்ளியில் வலித்து, ராத்திரியிலும் வலித்தால், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்க மதுரைக்குப் போனேன். போனில் கேட்டபோது "பத்து மணிக்கு வாங்க" என்று சொன்னார்கள், அவ்வளவுதான் சொன்னார்கள். விடிவதற்கு முன் பஸ் பிடித்து, மலைப்பாதையில் வளைந்து வளைந்து வத்தலக்குண்டு வந்து, பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கவுண்டரில் நின்றேன். "டாக்டர் சீட்டு?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண். சீட்டு இல்லை. எக்ஸ்ரேயே நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் எதற்கு எம்ஆர்ஐக்கு எழுதித் தரப் போகிறார்? "சீட்டு இல்லாம எடுக்க மாட்டோம்மா." வாட்ஸ்அப்பில் வாங்கித் தரட்டுமா என்றால் "ஒரிஜினல்தான் வேணும்." தலையை நிமிர்த்தக்கூட இல்லை. திரும்பி வரும்போது பெருமாள்மலைக்குப் பக்கத்தில் மரம் விழுந்து பஸ் ரெண்டு மணி நேரம் நின்றது. நல்ல மழை. அன்றைக்கு அழுதது கால் வலியால் இல்லை.

அடுத்த வாரம் முதலில் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். கட்டை விரலால் எலும்பை ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நான் மேஜையிலிருந்து எழும்பிவிட்டேன். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அங்கே ஒரு புள்ளி வைத்தார். சாயங்காலம் படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பேனாப் புள்ளி இருந்த அதே இடத்தில் எலும்புக்குள் வெள்ளையாக ஒரு தேமல், அதன் நடுவே முடி மாதிரி ஒரு கோடு. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், ஓயாத அடியால் எலும்பில் விழுகிற விரிசல். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14. குறைந்தது இருபது இருக்க வேண்டும். வருஷம் முழுக்க ஸ்வெட்டரும் மூடுபனியுமாக இருக்கிறவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லை.

ஆறு வாரம் ஓடக் கூடாது, சரி. அது ஒன்றும் கஷ்டமாக இல்லை, கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டேன், முடிந்தது. கஷ்டம் அதற்கப்புறம். "இனிமே மெதுவா ஆரம்பிங்க" என்றார் டாக்டர். மெதுவா என்றால் எவ்வளவு? கேட்டால் "உங்க உடம்பு சொல்லும்" என்றார். என் உடம்பு சொன்னதைக் கேட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறேன்!

நல்லவேளையாக மதுரையில் ஒரு பிசியோ அக்கா கிடைத்தார். அவர் சொன்ன கணக்கு இதுதான். முதலில் தினமும் அரை மணி நேரம் வேக நடை, ரெண்டு வாரம், துளி வலி இல்லாமல். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது இருபத்தைந்து தடவை வர வேண்டும். அதே காலில் பத்துத் தடவை குதித்தாலும் புள்ளியில் வலிக்கக் கூடாது. இதெல்லாம் தேறினால்தான் ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை, அப்படி ஆறு சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாலைந்து முறை சுத்தமாக முடிந்தால் ரெண்டுக்கு மூன்று, அப்புறம் மூன்றுக்கு ரெண்டு. கிலோமீட்டரைக் கணக்கில் எடுக்கவே கூடாது, நிமிடம் மட்டும்தான். கடையில் ஆர்டர் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். இன்னமும் பாதாம் ரெண்டு கிலோவுக்குக் கீழே "3-2, வலி இல்லை" என்று இருக்கிறது.

அவர் சொன்ன இன்னொன்று மனதில் நின்றது. அடிபட்ட எலும்பைச் சரிசெய்ய உடம்பு முதலில் பழையதை அரித்து எடுக்குமாம். அது சில வாரத்தில் முடிந்துவிடும். புதிதாகக் கட்டுவது மாதக் கணக்கு. வீட்டை இடித்த வேகத்தில் கட்ட முடியுமா? மூச்சும் தசையும் சீக்கிரம் திரும்பிவிடும், எலும்பு பின்தங்கித்தான் வரும், அந்த இடைவெளியில்தான் ஆட்கள் மறுபடி உடைத்துக்கொள்கிறார்கள் என்றார்.

இந்த ஊரில் சமதரைக்கு எங்கே போவது? 1863-இல் லெவிஞ்ச் துரை இந்த ஏரியைக் கட்டாமல் விட்டிருந்தால் கொடைக்கானலில் ஓடிப் பழக இடமே இருந்திருக்காது. ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. ஜனவரியில் அதிகாலைக் குளிரில் விரல் மரத்துப்போகும், ஆனால் சாலை காலி. வீட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் சரிவில் நடந்துதான் போவேன். முதல் நாள் ஒரு நிமிடம் ஓடியதும் கடிகாரம் பீப் அடித்தது, நடந்தேன். குதிரைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்: "என்னக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?"

ஒரு நாள் வளைவில் காட்டுமாடு ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. இருபது நிமிடம் அதுவும் நகரவில்லை, நானும் நகரவில்லை. உடம்பு ஆறிவிட்டது. விட்ட சுற்றை முடித்துவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது. முடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய அபூர்வமான புத்திசாலித்தனம் அது.

அது ஒரு மாதம்தான் நீடித்தது. பிப்ரவரி நடுவில், நாலுக்கு ஒன்று வரை வந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேகம் இல்லை, மூச்சு பிரமாதமாக இருந்தது. அப்சர்வேட்டரி ரோட்டில் ஏறினேன். ஏற்றம்தானே, மெதுவாகத்தானே போகிறோம் என்று ஒரு சமாதானம். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மேலே போனதும் இறங்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது, நடந்திருக்கலாம், ஓடி இறங்கினேன். இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் ஒரு பிரேக், அந்த அதிர்ச்சி முழுக்க முன்னெலும்பில் ஏறும். ராத்திரி பதினொரு மணிக்குப் பழைய புள்ளி எழுந்து உட்கார்ந்தது. அம்மா விளக்கைப் போட்டுவிட்டு, "ஓடலேன்னா என்னடி, உலகம் நின்னுடுமா?" என்றார்.

பிசியோ அக்கா போனில் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. பத்து நாள் முழு ஓய்வு, பிறகு ரெண்டுக்கு மூன்றிலிருந்து மறுபடி. வலி மாத்திரையைத் தொடாதே என்றார். ஒன்று, அது எச்சரிக்கையை மறைத்துவிடும். இன்னொன்று, அதில் சில வகைகள் எலும்பு கூடுவதையே தாமதப்படுத்தக்கூடும். தசை வலி மறுநாளைக்குள் போய்விட்டால் கவலை இல்லை, எலும்பில் விரல் வைத்த இடம் வலித்தால் அன்றே நிறுத்து. இதைத்தான் இப்போது தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் செய்கிறேன், கட்டை விரலால் எலும்பை ஒரு தடவு.

இன்னொரு விஷயம் கை கொடுத்தது, அடியைச் சின்னதாக்கினேன். நிமிடத்துக்கு 158 அடி வைத்துக்கொண்டிருந்ததை 168 ஆக்கினேன், வேகம் கூட்டாமல். முதல் வாரம் கோழி ஓடுகிற மாதிரி இருக்கும். கால் முன்னால் போய்த் தொப்பென்று விழுவது நின்றது.

ஏப்ரல் தொடக்கத்தில் முதல் முறையாக அரை மணி நேரம் நிற்காமல் ஓடினேன். வாரத்துக்குப் பத்து சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். வாரத்துக்கு 6 கிலோமீட்டர் ஓடுகிறவளுக்குப் பத்து சதவீதம் என்றால் 600 மீட்டர், சிரிப்பாக இருக்கிறது. நான் மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாவது வாரம் குறைக்கிறேன். கூட்டுகிற வாரத்தில் வேகத்தைத் தொடுவதில்லை. சீசன் கூட்டம் வந்ததிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே ஏரிக்குப் போய்விட வேண்டியிருக்கிறது. ஏழு மணிக்குப் போனால் வாடகை சைக்கிள்காரர்கள் நடுவில் புகுந்து வளைந்து நெளிந்து ஓட வேண்டும், அது காலுக்கும் ஆகாது வாய்க்கும் ஆகாது.

இப்போது மே கடைசி. வாரத்துக்கு நாலு நாள், மொத்தம் 20 கிலோமீட்டர், எல்லாம் ஏரிச் சுற்றில். வைட்டமின் டி 31 ஆகியிருக்கிறது. அப்சர்வேட்டரி பக்கம் நடக்க மட்டும் போகிறேன்.

அந்த டிசம்பர் ஓட்டத்துக்குக் கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. டீஷர்ட் மட்டும் கூரியரில் வந்தது, ரெண்டு சைஸ் பெரிதாக. அதைத் தம்பி போட்டுக்கொண்டு கடையில் நிற்கிறான். டூரிஸ்ட் யாராவது கேட்டால் 21 கிலோமீட்டர், நிற்காமல் ஓடினேன் என்கிறான்.