ஆத்தங்குடி அண்ணனின் இடுப்பு

மார்ச் 3

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையிலிருந்து ஓர் அண்ணன் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் குனிந்தே வண்ணம் ஊற்றுகிற வேலை. இடுப்புவலிக்கு மருந்தாக வீடியோ பார்த்துத் தினமும் சிட்அப் எடுக்கிறாராம். வயிறு பலகையாட்டம் இருக்கிறது; வலிதான் கூடிவிட்டது. கூடாமல் என்ன செய்யும்? முழு சிட்அப்பில் கீழ்முதுகில் 3,000 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் விழுவதாகக் கணக்கிட்டவர் கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில். கிட்டத்தட்ட 300 கிலோ. நிறுத்தச் சொன்னேன். அண்ணன் முகத்தில் ஏமாற்றம்.

மார்ச் 6

சிட்அப்புக்குப் பதில் பேர்ட் டாக் என்ற பயிற்சி. மண்டியிட்டுக் கையூன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும். "இதுல என்ன தங்கச்சி இருக்கு, வயித்துல ஒண்ணுமே தெரியல?" என்றார். தெரியாதுதான், முன்வயிற்றுத் தசைக்கு இதில் வேலை குறைவு. வலது மேல்முதுகும் இடது கீழ்முதுகும் இறுகுவதை அவர் மகனை விட்டே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்.

மார்ச் 11

"தொப்புளை உள்ளே இழுக்கணுமாமே?" யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1996இல் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற பிசியோதெரபி ஆய்வாளர்கள் இருவரும், கையைத் தூக்குவதற்கு முன்பே டிரான்ஸ்வெர்ஸஸ் அப்டோமினிஸ் என்ற உள்வயிற்றுத் தசை இயங்கிவிடுகிறது, முதுகுவலிக்காரர்களுக்கு அது தாமதமாகிறது என்று காட்டினார்கள். நேரம் பற்றிய அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்க வயிற்றை எக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆய்வில் தசைக்குள்ளேயே மெல்லிய கம்பி செலுத்தி அளந்தார்கள். தோல்மேல் ஒட்டும் இஎம்ஜி (தசையின் மின்சமிக்ஞையை அளக்கும் முறை) பட்டைகளில் பக்கத்துத் தசைகளின் சமிக்ஞையும் கலந்துவிடும். அதனால் 'இந்தப் பயிற்சியில் இந்தத் தசை இத்தனை சதவீதம் இயங்குகிறது' என்று வரும் படங்களை நம்பி ஆளுக்குப் பயிற்சி எழுதித் தர முடியாது.

எக்க வேண்டாம், யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் சுற்றிலும் லேசாக இறுக்கி, மூச்சு விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். சாதாரண வேலைக்கு அந்த லேசான இறுக்கமே போதும்.

மார்ச் 19

முழங்கால் ஊன்றிய சைடு பிளாங்க் (ஒருக்களித்துப் படுத்து, முன்கையூன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது), ஒரு தடவைக்கு 10 விநாடி. தரைப்பக்கத்து இடுப்பு நன்றாக வேலை செய்கிறது, முதுகெலும்பில் சுமையும் அதிகமில்லை. இடப்பக்கம் சீக்கிரம் தளர்கிறது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கல்லை எடுக்கும்போது மூச்சுப் பிடிப்பது நின்றிருக்கிறது. சாயங்காலம் நிமிர முடிகிறது என்கிறார்.

ஆனால் தரையிலேயே அச்சு வைத்து நாளெல்லாம் குனிந்தால் எந்தப் பயிற்சியும் ஈடு கொடுக்காது. நின்றபடி அச்சு வைக்க ஒரு மேடை போடுவது பற்றி முதலாளியிடம் பேச, சனிக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.