கொடிமலையில் பாதி வழி

நவம்பர் மாதம். மூன்று நாள் மழை விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தது. கொடிமலை ஏறவென்றே கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வந்திருந்தேன். ஆயர் ஈத்தாமில் இருக்கும் சித்தப்பா துணைக்கு வந்தார். தாவரவியல் பூங்கா அருகே மூன் கேட்டில் தொடங்கி, காட்டுப் பாதையில் 84-ஆம் நிறுத்தம் என்ற இளைப்பாறும் இடம், அங்கே ஒரு தேத்தண்ணி, பிறகு ஜீப் சாலையில் உச்சி. முருகனைக் கும்பிட்டுவிட்டு மலை ரயிலில் இறங்குவதாகத் திட்டம்.

அரை மணி நேரம்கூட ஏறவில்லை, சித்தப்பா நின்றுவிட்டார். பாதையோர மண்சுவரில் கைத்தடியைக் குத்தினார். ஒரு சாண் ஆழத்துக்குச் சுலபமாக இறங்கியது. உருவியதும் துளையிலிருந்து செந்நீர் கசிந்தது. சற்று மேலே, பாதைக்குக் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

"திரும்பிடலாம்மா."

"மழைதான் விட்டுடுச்சே சித்தப்பா, வெயில்கூட அடிக்குது."

"மழை விட்டும் தூவானம் விடலைன்னு சொல்வாங்கல்ல? தூவானம் இப்ப மண்ணுக்குள்ள பெய்யுது."

கொடிமலை கருங்கல் மலைதான். ஆனால் காலங்காலமாகப் பாறை சிதைந்து, தடித்த மண்ணாக அதன்மேல் போர்த்திக் கிடக்கிறது. அதில் நீர் நிறைய நிறைய எடை கூடும். அதைவிட மோசம், நீரின் அழுத்தம் மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்திவிடும். மேலே பெய்தது ஆழத்துக்கு இறங்க நேரம் பிடிப்பதால், வானம் வெளுத்த பிறகும் சரிவு வரலாம்.

இதே பேச்சை மணாலிக்கு மேலே சோலாங்கிலும் கேட்டிருக்கிறேன். அது பிப்ரவரி. குளிர் விட்டு, பனிக்குப் பதில் மழை தூறியதில் எனக்கு ஒரே சந்தோஷம். வழிகாட்டியோ சரிவின் பக்கமே விடமாட்டேன் என்றார். பனிமேல் மழை விழுந்தால் பனித்துகள்களின் பிணைப்பு கரைந்துபோகும். ஊறிக் கனத்த பனி பெயர்ந்து வந்து, நின்றதும் சிமெண்டுபோல் இறுகிவிடும். புதைந்தவரைத் தோண்டி எடுப்பதே பெரும்பாடு என்றார். அன்று அவர்மேல் எனக்குக் கோபம். மூன் கேட் பாதையில் நிற்கும்போதுதான் அது போனது.

2017 அக்டோபர் 21 அன்று பினாங்கின் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு வாரத்தில், நவம்பர் 4 இரவு பெய்த பேய்மழையில் இந்த மலையிலேயே பல இடங்களில் மண் சரிந்தது. சித்தப்பா அந்த இரவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எல்லாரும் பத்திரமா இருந்தோம், அதுபோதும் என்பார்.

இறங்கும் வழியில் நான்கு இளைஞர்கள் ஏறி வந்தார்கள், நம் பிள்ளைகள்தான். சித்தப்பா நிறுத்தி, வெடிப்பு இருக்கும் இடத்தைச் சொன்னார். ஓடையைக் காட்டி, "தண்ணி திடீர்னு செம்மண் கலரா மாறினா ஓடிடணும் தம்பி" என்றார். இரண்டு பேர் எங்களோடு திரும்பினார்கள். மற்ற இருவர், "கொஞ்ச தூரம்தான் அங்கிள்" என்று மேலே போய்விட்டார்கள்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. அந்த இருவரும் இறங்கி வரும்வரை சித்தப்பா மூன் கேட் படியில் மலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர்கள் வந்தபோது மணி இரண்டரை.