23-ஆம் பிரிவில் ‘இல்லை’ என்று போடும் முன்

அக்கா மகனுக்கு வர்ஜீனியாவில் வேலை கிடைத்திருக்கிறது. ராணுவத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் கம்பெனி. நியூ ஜெர்சியில் பிறந்தவன், அந்த நாட்டுக் குடிமகன்தான். ஆனாலும் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதி, வந்தால்தான் வேலை உறுதி. அதற்கான எஸ்எஃப்-86 படிவத்தில்தான் சிக்கல். கொலராடோவில் படித்த காலத்தில் நண்பர்களோடு சில முறை கஞ்சா பிடித்திருக்கிறான். விட்டு மூன்று வருடம் ஆகிறது. படிவத்தின் 23-ஆம் பிரிவோ கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்று கேட்கிறது.

மடிப்பாக்கத்தில் அக்கா வீட்டில் ஒரே கலவரம். “இல்லைன்னு போடச் சொல்லுடா. யாருக்குத் தெரியப்போகுது? எழுதிக் கொடுத்தா பிடிச்சு உள்ளே வெச்சிட மாட்டாங்களா?”

நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் சர்வீஸ் வழக்குகள், அதாவது அரசு வேலை தொடர்பான வழக்குகள், நடத்துகிறவன். போலீஸ் வெரிஃபிகேஷனில் ஒரு சின்ன கேஸை மறைத்ததால் வேலை பறிபோய், அப்பாவோடு வந்து நிற்கும் பையன்களைப் பார்த்துப் பார்த்து மனசு கனத்துப் போனவன். அதனால் அந்தப் படிவத்தை வரி விடாமல் படித்தேன்.

அக்கா பயந்த விஷயத்துக்கு அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே பதில் இருக்கிறது. இங்கே உண்மையாகச் சொல்லும் பதிலையோ, அதைப் பிடித்துக்கொண்டு கிடைக்கும் தகவலையோ, பின்னால் வரும் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையான பதிலுக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. தெரிந்தே பொய் எழுதினால் அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் 1001-ஆம் பிரிவு வரும், 5 ஆண்டு வரை சிறை. அக்கா காட்டிய வழியில்தான் ஜெயில் இருக்கிறது.

“கொலராடோவில் அது சட்டப்படி சரிதானே மாமா, அதை எதுக்கு எழுதணும்?” என்று பையன் கேட்டான். எழுதத்தான் வேண்டும். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசின் சட்டப்படிதான் பதில் சொல்ல வேண்டும் என்று படிவமே சொல்கிறது.

வேலை கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. வழக்கு வராது என்பதற்காக கிளியரன்ஸ் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. கிளியரன்ஸ் கொடுப்பதா என்று முடிவு செய்ய 2017 முதல் நடைமுறையில் இருக்கும் விதிமுறைகளில் போதைப்பொருளுக்கு ஒரு தலைப்பு, நேர்மைக்கு ஒரு தலைப்பு. எவ்வளவு காலம் முன்பு, எத்தனை தடவை, இனி தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திடத் தயாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத் துறை இயக்குநர் வழிகாட்டுதல் கொடுத்தார். மறைத்தால் அப்படியில்லை. விசாரணைக்கு வருபவர்கள் கூட வேலை செய்தவர்களிடமும் நண்பர்களிடமும் கேட்பார்கள். அவனோடு பிடித்தவர்களில் ஒருவன் உண்மையைச் சொன்னாலே போதும், மூன்று வருடத்துக்கு முந்தைய கஞ்சா இன்றைய பொய்யாக மாறிவிடும்.

இதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பாதுகாப்பு வாக்கியம் அரசு வேலைக்காக நம்மூரில் நிரப்பித் தரும், நான் பார்த்த அட்டெஸ்டேஷன் படிவங்களில் இல்லை. அவற்றில் கேட்பது கைது, வழக்கு, தண்டனை. இருந்தால் மறைக்காதீர்கள். ஆனால் வேலைக்கான படிவத்தில் வழக்கை மறைப்பது பற்றிய அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறக்க வேண்டாம்: உண்மையைச் சொன்ன பிறகும் வேலை தரும் துறை முன்வரலாற்றை ஆராயலாம், வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அதைக் கட்டாயப்படுத்த முடியாது. கஞ்சா பிடிப்பதே இங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் குற்றம், 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

அமெரிக்க விசாவுக்குப் போகிறவர்களுக்கோ கதை இன்னும் வேறு. அந்நாட்டுக் குடிமகன் அல்லாதவர் போதைப்பொருள் குற்றத்தை ஒப்புக்கொண்டால், தண்டனை ஏதும் இல்லாவிட்டாலும் நுழைவையே மறுக்க முடியும். பொய் சொல்வதும் அங்கே பெரிய தடைதான். தூதரக வாசலில் வரிசையில் நிற்கும்போது யோசிக்கிற விஷயமில்லை இது, முன்பே அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் பேச வேண்டும்.

பையன் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டான். அவன் நண்பன் ஒருவன் ஏற்கெனவே ‘இல்லை’ என்று அனுப்பிவிட்டானாம், என்ன செய்வது என்று கேட்டான். அங்கே உடனே ஒரு வக்கீலைப் பிடிக்கச் சொன்னேன். விசாரணை அதிகாரி கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால், தானாகவே, தாமதிக்காமல் திருத்தினால், அதை அவனுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள அந்த விதிமுறைகளிலேயே இடம் இருக்கிறது.