தாடையோரப் பரு

பதினைந்து வயதில் நெற்றியிலும் மூக்கிலும் பரு வருவது வயசுக் கோளாறு. "உடம்புச் சூடு, இரத்தம் கெட்டுப்போச்சு" என்று பேதிக்குக் கொடுப்பதால் அது போகாது. தேயிலைக் கொழுந்துக் கூடையின் தலைக்கயிறு அழுத்தும் இடத்தில் மட்டும் பரு என்றால், காரணம் உரசலும் வியர்வையும்தான். கயிற்றுக்கடியில் தினமும் துவைத்த பருத்தித் துணியை மடித்து வைத்தால் குறையும்.

இருபது வயதைத் தாண்டிய பெண்ணுக்குத் தாடையோரத்தில் ஆழமாக, அமுக்கினால் வலிக்கிற பருக்கள் விடாமல் வந்தால்தான் யோசிக்க வேண்டும். மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறதா? மேலுதட்டிலும் தாடையிலும் முடி தடிப்பாக முளைக்கிறதா? பிடரியில் வெல்வெட் போலக் கறுப்பு படர்ந்திருக்கிறதா? அதை அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார்கள், பாவம். தோல் புண்ணாகுமே தவிரக் கறுப்பு போகாது. உடம்பில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததைக் காட்டுகிற கறுப்பு அது. வேலை செய்யாத இன்சுலினை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும். அது சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோமோனைக் கூட்டும். அந்த ஹோமோன் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைக் கிளப்பிவிடும். பிசிஓஎஸ் என்கிற சூலக ஹோமோன் கோளாறு பலருக்கு இப்படித்தான் வெளியே தெரிகிறது. கவனிக்காமல் விட்டால் பின்னால் சீனி வியாதி வரும் அபாயமும் கூடும்.

கிளினிக்குப் போகும்போது கடைசி ஆறு மாத மாதவிடாய்த் திகதிகளை எழுதிக் கொண்டுபோங்கள். மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஊசியாலேயே பருவும் வரலாம், மாதவிடாயும் நிற்கலாம். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோமோன், பால் சுரக்கவைக்கும் புரோலக்டின், தைரொயிட், சீனி எல்லாம் பார்ப்பார்கள். பெரிய பிள்ளையாகி எட்டு வருடம் ஆகாதவளுக்கு ஸ்கேனில் சூலகம் நீர்க்கொப்புளமாகத் தெரிந்தாலும், அதை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது. அந்த வயதில் பலருக்கு அப்படித்தான் இருக்கும்.

லேபிள் இல்லாத டப்பியில் விற்கிற வெள்ளையாக்கும் கிறீமை நினைத்தால் கோபம்தான் வருகிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு ஒரே அளவில் சிவந்த பொரிகள் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனாலேயே மறுபடி வாங்குகிறார்கள். டப்பியையே டொக்டரிடம் காட்டி, எப்படி நிறுத்துவதென்று கேளுங்கள்.

சில மாதங்களுக்குள்ளேயே குரல் தடித்து, முடி வேகமாக வளர்ந்து, பருவும் பொங்கினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். சூலகத்திலோ சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.