பத்தாம் நம்பர் ஸ்பானர்

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பழம் நசுங்காமல் அப்படியே கிடக்கிறது. ஆயுத பூஜை அன்று எனக்கு வரும் ஃபோன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். மற்ற நாளில் வண்டி நின்றால் ரிப்பேர், அன்றைக்கு நின்றால் அபசகுனம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கோவையில் சிங்காநல்லூர் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓடுகிற வண்டி நடுவழியில் நின்றுபோவது ஒரு வகை. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி, வீட்டில் யாரோ கை வைத்த பிறகு ஸ்டார்ட் ஆகாமல் போவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் சுலபம் என்று தோன்றும். எதைத் தொட்டார்களோ அங்கேதானே கோளாறு இருக்கும்? இருக்கும்தான். ஆனால் எதைத் தொட்டார்கள் என்பது லேசில் வெளியே வராது. "ஒண்ணுமே பண்ணலீங்க, சும்மா தொடச்சேன், அவ்வளவுதான்" என்பார்கள்.

அதனால் ஃபோனில் முதலில் ஆளைக் கேட்க மாட்டேன், வண்டியைக் கேட்பேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு பானட் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வேறு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்வேன். கடகடகடவென்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் சரியாகப் பிடித்திருக்காது. ஒரே ஒரு 'கட்' என்றால், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகம் போகும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, இல்லாவிட்டால் கிளட்ச் சுவிட்ச். கிளட்சை முழுசாக அழுத்தினால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகள் உண்டு. ஒருவர் வீட்டைச் சுத்தம் செய்த கையோடு காருக்குப் புது மேட் வாங்கி, பழைய மேட்டுக்கு மேலேயே போட்டுவிட்டார். பெடல் கடைசிவரை போகவில்லை, சுவிட்ச் வேலை செய்யவில்லை. மேட்டை உருவியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதற்குக் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது.

பூஜை சமயத்தில் அதிகம் வருவது பேட்டரிதான். நாலு கதவையும் திறந்து போட்டு, ரேடியோவைப் பாடவிட்டு, காலையிலிருந்து மதியம்வரை உள்ளே துடைப்பார்கள். ரூம் லைட் அவ்வளவு நேரமும் எரியும். பேட்டரி புதிதாக இருந்தால் தாங்கும். மூன்று நாலு வருஷம் ஆன பேட்டரி என்றால் சாயங்காலம் காலை வாரிவிடும். முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போய்விட்டால் அநேகமாகக் காலி.

அடுத்தது டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதே என்று கழற்றி வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்வார்கள். நல்ல காரியம். மாட்டும்போது கையால் அமுக்கி வைத்துவிட்டு, ஸ்பானர் போட மறந்துவிடுவார்கள். "லைட் எரியுதுங்க, ஹாரன் அடிக்குதுங்க, அப்புறம் எப்படிங்க பேட்டரிக் கோளாறு?" என்று சண்டைக்கு வருவார்கள். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியருக்குள்தான். செல்ஃப் மோட்டார் நூறுக்கு மேல் இழுக்கும். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் டெர்மினல் பத்தைக் கடத்திவிடும், நூறைக் கடத்தாது. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையைப் பேட்டரி போஸ்டிலும் இன்னொன்றை அதன் மேல் உட்காரும் கிளாம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

இதெல்லாம் ஃபோனிலேயே முடிகிற கேஸ். ஆளைப் பேச வைக்க வேண்டியவைதான் கஷ்டம்.

ஒரு பையன், ஐடி கம்பெனியில் வேலை. செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. அந்த லைட் மினுக்கினால், வண்டி தன் சாவியை அடையாளம் தெரியாமல் முழிக்கிறது என்று அர்த்தம். "சாவியைக் கீழே போட்டீங்களா?" "இல்லீங்ணா." "தண்ணில விழுந்துச்சா?" "இல்லீங்ணா." சாவி பளபளவென்று புதிதாக இருந்தது. வண்டிக்கோ ஏழெட்டு வயது. சாவிக் கவர் விரிசல் விட்டிருக்கிறது. ஆன்லைனில் புதுக் கவர் வாங்கி, உள்ளே இருந்த ரிமோட் போர்டைப் பத்திரமாக மாற்றியிருக்கிறான். பழைய கவரின் ஓரத்தில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு சிப் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை பிளாஸ்டிக் துண்டு என்று நினைத்துக் கவரோடு குப்பையில் போட்டுவிட்டான். கதவு ரிமோட்டில் திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. இந்த விவரம் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது, ஏனென்றால் அவன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் காபி வாங்கப் போன பிறகுதான் சொன்னான். நல்லவேளை, குப்பை வண்டி அன்றைக்கு வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொள்ளும் பையனை அனுப்பித் தேடி எடுத்தோம்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு மாருதி 800-க்குக் கிளட்ச் பிளேட் மாற்றினோம். கியர்பாக்ஸை இறக்குவதற்காக எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றியவன் நான். எல்லாம் ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகுகிறது, சுற்றவில்லை. முதலாளி வேறு பேட்டரி வைத்துப் பார்த்தார். செல்ஃப் மோட்டாரையே இறக்கி மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தார், ஜம்மென்று சுற்றியது. திரும்ப மாட்டினார். அதற்குள் என் சட்டைப் பையில் ஏதோ கனமாக இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியபோது கிளட்ச் கேபிளிலிருந்து புகை வந்தது.

இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே கரண்ட் போய்வர அந்த எர்த் வயர்தான் பாதை. பாதையை அடைத்துவிட்டால், கரண்ட் தனக்குக் கிடைத்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குக் கிடைத்தது கிளட்ச் கேபிள். புகையைப் பார்த்த நொடியில் முதலாளிக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். நான் போல்ட்டை எடுத்து நீட்டினேன். "எப்பத்துல இருந்துடா கையில இருக்குது?" என்றார். அவர் திட்டவில்லை, தோளில் தட்டினார் என்று எழுத ஆசைதான். திட்டினார். பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குத் திட்டினார். புதுக் கேபிளின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்.

அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கேபிள் காசுக்குப் பயந்து அல்ல, அது கருகும் என்றே எனக்குத் தெரியாது. "என்னடா பண்ணினே?" என்று அவர் கேட்ட விதம்தான். அந்தக் கேள்விக்குக் குற்றவாளி மட்டுமே பதில் சொல்ல முடியும். அதனால் நான் ஒர்க்‌ஷாப் வைத்த பிறகு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை. "10-ஆம் நம்பர் ஸ்பானர் போட்டீங்களா, 12-ஆ?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலான கார்களில் டெர்மினலுக்கும் சின்னச் சின்னப் பிராக்கெட்டுக்கும் பத்து போதும். இப்படிக் கேட்டால் முகமே மாறிவிடும். இவன் நம்மையும் மெக்கானிக்காக நினைக்கிறான் என்று வந்துவிடும். "பத்துதாங்க, ஆனா ஒண்ணு மட்டும் எட்டு" என்று ஆரம்பித்து முழுக் கதையும் கொட்டிவிடுவார்கள். டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டுக் காற்று எடுக்காமல், செல்ஃபை அடித்து அடித்துப் பேட்டரியையும் இறக்கிய ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். காமன் ரெயில் டீசல் வண்டியில், ரெயில் என்கிற டீசல் குழாய்க்குள் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் ஏறினால்தான் இன்ஜின் பிடிக்கும். டயரில் நாம் அடிப்பது இரண்டேகால் பார். ஃபில்டரில் காற்று இருக்கும்வரை அந்த அழுத்தம் ஏறவே ஏறாது. கை பம்ப்பை அழுத்திக் காற்றை வெளியேற்றி, சார்ஜ் ஏற்றிய பேட்டரியை வைத்ததும் வண்டி வந்துவிட்டது.

இந்த ஸ்பானர் வித்தையும் தோற்ற இடம் ஒண்டிப்புதூரில் ஒரு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் வீடு. போன வருஷம் ஆயுத பூஜை, மதியம் மூன்று மணி. எலுமிச்சம்பழம் இடத்தில் இருக்கிறது. மகளும் மருமகனும் வந்திருக்கிறார்கள். பெட்ரோல் வண்டி. செல்ஃப் நன்றாகவே சுற்றியது. சொல்லப்போனால் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றியது. இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. இன்ஜின் ஒரு தடவை பற்றுவதுபோல் உறுமி, இருமி, அணைந்தது.

எங்கள் முதலாளி சொல்வார்: பெட்ரோல், நெருப்பு, காத்து, இந்த மூணும் சேர்ந்தால் இன்ஜின் ஓடியே ஆகணும். சாவியை ஆன் செய்தேன். பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி ரீங்கரித்து நின்றது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் எழுந்தது, ஆகவே இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரும் உயிரோடு இருக்கிறது. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. பிளக் குழிக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஸ்பார்க்கும் வந்தது. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், தேங்கிய பெட்ரோல் காய்ந்துவிடும். அதையும் செய்தேன். ஸ்கேனர் மாட்டினால் அது ஒரு கோளாறும் காட்டவில்லை. முக்கால் மணி நேரம் போய்விட்டது.

சாரிடம் ஸ்பானர் கேள்வியை வந்ததுமே கேட்டிருந்தேன். "தம்பி, எங்கிட்ட முழு செட்டே இருக்குதுங்க" என்று பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பேட்டரி டெர்மினல் சுத்தம் செய்தார், ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டிப் போட்டார், அவ்வளவுதான். "எல்லாம் கழட்டின வரிசைலயே மாட்டினேன்." மருமகன் பக்கத்தில் நின்றதால் இவர் எதையோ மறைக்கிறார் என்றே நினைத்தேன். மாப்பிள்ளையை அனுப்பிவைக்க என்ன வழி என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் அவரே ஃபோனை எடுத்தார். வாத்தியார் இல்லையா, ஒவ்வொரு படியையும் ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தார். முதல் படத்தில் மூடிய பானட். இரண்டில் டெர்மினல். மூன்றில் ஏர் ஃபில்டர் பெட்டி திறந்திருக்கிறது. நான்கில் பெட்டியே இல்லை, இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அந்த வாய்க்குள் வெள்ளையாகத் துணி, தூசி போகக் கூடாதென்று. ஐந்தாவது படத்தில் எல்லாம் மாட்டியாகிவிட்டது.

"இந்தத் துணி எங்க சார்?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மனிதர் எதையும் மறைக்கவில்லை, சுத்தமாக மறந்திருந்தார். பெட்ரோல் பார்த்தேன், நெருப்பு பார்த்தேன், காற்று எங்கே போய்விடப் போகிறது என்று நானும்தான் இருந்துவிட்டேன். உள்ளே இழுக்கக் காற்று இல்லாததால் பிஸ்டனுக்கு அமுக்கும் வேலை குறைந்துபோய், அதனால்தான் செல்ஃப் லேசாகச் சுற்றியிருக்கிறது. கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை உருவினேன். துணி, இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் வரை இழுபட்டு, பிழிந்து வைத்ததுபோல் சுருண்டிருந்தது. வெளியே எடுத்ததும் வீட்டுக்குள்ளிருந்து சாரின் மனைவியின் குரல்: "ஏனுங்க, சாமி படம் தொடைக்கிற துணிய நேத்துல இருந்து தேடிட்டு இருக்கறேன்!"

பிளக்கைத் துடைத்து மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி எழுந்தது. பழம் நசுங்கியது. சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்கள், சுண்டலும் பொரியும் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் பூஜைக்கு இரண்டு நாள் முன்னாடியே சார் ஃபோன் செய்தார். "தம்பி, ஏர் ஃபில்டர் கழட்டப் போறேன். துணிக்குப் பதிலா என்ன வைக்கலாம்?"

"துணியே வைங்க சார். ஆனா வண்டிச் சாவியை அந்தத் துணி முனையில முடிஞ்சுடுங்க. சாவி இல்லாம ஸ்டார்ட் பண்ண முடியாது பாருங்க, துணி தானா ஞாபகம் வந்துரும்."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வகுப்பில் நல்ல பதில் சொன்ன பையனைப் பாராட்டுவதுபோல் இரண்டு தடவை "நல்ல யோசனை" என்றார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஃபோன்.

"தம்பி, வீடு முழுக்கத் தேடிட்டோம். வண்டிச் சாவியைக் காணோமுங்க."