அந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது

மைக்செட் போடுகிறவன் நான். ஒரு பண்டிகையில் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பியது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பழையபேட்டைப் பக்கம் ஆம்ப்ளியை (ஆம்ப்ளிஃபயரை) இறக்கும்போதெல்லாம் அந்த ஆயா கேட்டது நினைவுக்கு வந்து, மனசுக்குள் மறுபடி வாதாட ஆரம்பித்துவிடுகிறேன்.

மாரியம்மன் பண்டிகை, நல்ல பகல். லுங்கியோடு ஒரு தம்பி வந்தார். ஓசூரில் கம்பெனி வேலை, நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்தாராம். "அண்ணே, நிறுத்தச் சொல்லல. இந்த ஒரு குழாய மட்டும் அந்தாண்ட திருப்பி விடுங்க." கண் ரெண்டும் சிவந்திருந்தது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரைதான் கெடுபிடி. பகலில் தூங்குகிறவனை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரம்பு இருக்கிறதுதான், பண்டிகைத் தெருவில் அதை யார் அளக்கிறார்கள்? சரி என்று கயிற்றைத் தளர்த்தி மலைப்பக்கமாகத் திருப்பிக் கட்டினேன். கோன் குழாய் வாய் பார்த்த திசையில்தான் பேசும், பின்னால் இருப்பவருக்கு முனகல்தான்.

சாயங்காலம் ஒயர் பார்க்கப் போனபோது திண்ணையிலிருந்து ஆயா கூப்பிட்டார். "ஏம்பா, எங்க தெருவுக்கு மட்டும் ஆத்தா வரமாட்டாளா?" எனக்கு முதலில் புரியவில்லை. நடக்க முடியாதவர், காதாலேயே பண்டிகை பார்க்கிறவர். பாட்டு நின்றால் பூசை, பம்பை கேட்டால் கரகம் கிளம்பிவிட்டது, மைக்கில் கூப்பிட்டால் கூழ். அன்றைக்குக் கூழ் ஊற்றினதே தெரியவில்லையாம். விஷயத்தைச் சொன்னேன். "தூங்கட்டும், பாவம்" என்றார். திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன்.

விழாக்குழுவைக் கேட்காமல் நானாகத் திருப்பினது அதிகப்பிரசங்கித்தனமா? கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அது நிச்சயம். ஊருக்குள் எவ்வளவோ சத்தம். 44-ம் நம்பர் ரோட்டில் லாரிக்காரன் அடிக்கிற ஏர்ஹாரனை யார் போய்த் திருப்பச் சொல்வது? குழாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான், அதனால் என்னிடம் வருகிறார்கள். அந்தத் தம்பி வந்தார், திருப்பினேன். ஆயாவால் எழுந்து வர முடிந்திருந்தால், அவர் முதலில் வந்திருந்தால்? யார் நடந்து வந்து கேட்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் நான் நியாயம் செய்திருக்கிறேனோ என்று தோன்றுகிறது. அதற்காக வராதவர்களை வீடு வீடாகப் போய் விசாரிப்பதும் நடக்கிற காரியமில்லை.

இப்போது பலபேர் கோன் குழாய்க்குப் பதில் பாக்ஸ் ஸ்பீக்கர்தான் கேட்கிறார்கள், போலீஸ் அனுமதி கொடுக்கும்போதே கோன் வேண்டாம் என்பதும் உண்டு. பாக்ஸில் பேஸ் என்கிற அடிச்சத்தம் எல்லாப் பக்கமும் பரவும், சுவரையும் தாண்டும், ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். திருப்பி வைத்தாலும் அந்தத் தம்பிக்குத் தூக்கம் கிடையாது. ரெண்டு தெரு தள்ளி ஆயாவுக்குத் திம் திம் என்று கேட்கும், மைக்கில் கூழுக்குக் கூப்பிடுகிறார்களா இல்லையா என்பது மட்டும் விளங்காது. வாடகை கோனைவிடக் கூடுதல்.