ஒரே வீட்டில் மூன்று மர்ஃபி
டப்ளினில் இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்க்கும் மர்ஃபி வீட்டுப் பெண் தன் குடும்பப்பெயரை ஐரிஷ் மொழியில் சொன்னார். "நீ வுர்கூ."

எனக்குத் தமிழ் "நீ"தான் கேட்டது!

அவர் அண்ணனுக்கு அதுவே "ஓ முர்கூ". ஓ என்றால் பேரன், வழித்தோன்றல். நீ என்பது மகளுக்கு. அம்மா கல்யாணமாகி வந்தவர் என்பதால் "ஈ வுர்கூ". பெயரின் முதல் எழுத்துகூட ஆளுக்கேற்ப மாறுகிறது.

வேர் ஒரு பழைய ஆள்பெயர். கடலும் போரும் சேர்ந்தது, அதாவது கடல் வீரன். ஆங்கிலேயர் ஆட்சியில் ஓ உதிர்ந்து எல்லாரும் வெறும் மர்ஃபி ஆனார்கள், ஓ'சல்லிவன், ஓ'கானர் வீட்டார் பலர் அதைத் திரும்ப ஒட்டிக்கொண்டதுபோல இவர்கள் செய்யவும் இல்லை.

இன்று அயர்லாந்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர் இதுதான்.

அப்புறம், ஆங்கிலக் கொச்சையில் மர்ஃபி என்றால் உருளைக்கிழங்காம். அவர் தட்டிலும் அதுதான் இருந்தது.